நிரம்பி வழியும் ஊர்ப் பஸ் எப்படி நட்டமாகும்? அதை நிறுத்தாமல் வைத்திருக்க என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் கொழும்பில் வேலை செய்பவர். ஊர் பதுளை மாவட்டத்தில், டவுனிலிருந்து 22 கிலோமீற்றர் உள்ளே ஒரு தோட்டம். காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று அரச பஸ் வந்துகொண்டிருந்தது. இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவதே இல்லை. டிப்போவில் கேட்டால் "அந்த றூட் நட்டம்" என்கிறார்களாம். "புட்போர்ட்டில் தொங்கிக்கொண்டு போகிற பஸ் எப்படி நட்டமாகும்? காசை அடிக்கிறார்களா, இல்லை தோட்டத்து ஆட்கள்தானே என்று விட்டுவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. நிரம்பிய பஸ் நட்டப்படுமா என்பது ஒன்று. இன்றைக்கு வரவேண்டிய பஸ்ஸை வராமல் செய்வது அந்த நட்டம்தானா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதை லொக் ஷீட்டை (ஒவ்வொரு ஓட்டத்தையும் டிப்போவில் பதிகிற தாளை) பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வெளியிலிருந்தே பெரும்பாலும் ஊகித்துவிட வழி இருக்கிறது. நேரசூசி போடுவதும் றூட்டுக்குச் செலவுக் கணக்குப் பார்ப்பதும் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்ப்பது காலை ஆறு மணிக்கு டவுனுக்கு இறங்குகிற பஸ்ஸை. அது ஐந்து மணிக்கு மேலே ஏறி வந்தபோது உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. டிரைவர், கொண்டக்டர், போனால் பேப்பர் கட்டு ஒன்று. பின்னேரம் ஐந்தரைக்கு மேலே ஏறும்போது நிரம்பி வரும், ஆறரைக்குத் திரும்பி இறங்கும்போது வெறுமையாகப் போகும். ஆள் இல்லாவிட்டாலும் டீசல் செலவு பெரிதாகக் குறைந்துவிடாது. ஊர்ப் பஸ்ஸின் நட்டம் பெரும்பாலும் திரும்பிப் போகிற பயணத்தில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இவை விளக்கத்துக்காக நான் வைக்கும் எண்கள். உங்கள் ஊர் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பஸ் இரவு டவுன் டிப்போவில் நிற்கிறது என்றால் நாளைக்கு ஆறு ஓட்டம்: ஐந்து மணிக்கு ஏற்றம், ஆறுக்கு இறக்கம், ஒன்றே முக்காலுக்கு ஏற்றம், இரண்டே முக்காலுக்கு இறக்கம், ஐந்தரைக்கு ஏற்றம், ஆறரைக்கு இறக்கம். ஆறு தரம் 22, மொத்தம் 132 கிலோமீற்றர். மலைப்பாதையில், ஏற்றி இறக்கி ஓடும் முழுநீள பஸ் லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் அளவுக்குத்தான் கொடுக்கும். ஆக 44 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 13,200 ரூபா. வரவு எவ்வளவு? வழி முழுக்க ஏறி இறங்குகிறவர்களின் சராசரி டிக்கெட் 70 ரூபா என்று வைப்போம். ஆறு மணி இறக்கத்தில் எண்பது பேர். அதில் முப்பது பிள்ளைகள் சீசன் (முன்கூட்டியே எடுத்த சலுகை டிக்கெட்), காசு கொடுப்பவர்கள் ஐம்பது: 3,500. பள்ளி விட்ட பஸ்ஸில் முக்கால்வாசி சீசன், காசுக்காரர் பதினைந்து: 1,050. பின்னேர ஏற்றம் ஐம்பத்தைந்து பேர்: 3,850. மற்ற மூன்று ஓட்டத்திலும் சேர்த்துப் பதினாறு பேர் என்றால் 1,120. மொத்தம் 9,520. டீசலுக்கே 3,680 ரூபா குறைகிறது. சம்பளம், டயர், எஞ்சின் ஒயில், பிரேக் லைனர் எதையும் நான் இன்னும் எழுதவில்லை. மூன்று ஓட்டம் நிரம்பி வழிந்தும் நிலைமை இதுதான். காலை ஏழுக்கும் பகல் ஒன்றரைக்கும் இடையில் அந்தப் பஸ் டவுனில் வேறு ஓட்டம் ஓடிச் சம்பாதிக்கும், ஆனால் அந்த வரவு வேறு றூட்டின் பெயரில்தான் எழுதப்படும்.

கொழும்பில் 138 ஆம் இலக்க பஸ்ஸைப் பாருங்கள். புறக்கோட்டையில் ஒருவர் உட்கார்ந்து டவுன் ஹோலில் இறங்குவார். அதே சீட்டில் இன்னொருவர் ஏறி நுகேகொடையில் இறங்குவார், மூன்றாமவர் மஹரகம வரை போவார். ஒரே ஓட்டத்தில் ஒரு சீட் மூன்று தரம் விற்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருப்பதால், கிட்டத் தூரம் போகிறவர் கிலோமீற்றருக்குக் கொடுப்பது தூரம் போகிறவர் கொடுப்பதைவிடக் கூட. உங்கள் ஊர்ப் பஸ்ஸில் மேலே ஏறினவர் டவுனில்தான் இறங்குவார். சீட் ஒரு தரம்தான் விற்கும், அதுவும் கிலோமீற்றருக்குக் குறைந்த விலையில். சீசன் டிக்கெட் இன்னொரு விசயம். பிள்ளைகள் கொடுப்பது கட்டணத்தில் ஒரு பங்குதான். மிச்சம் அரசாங்கத்திலிருந்து வரவேண்டும். அது கணக்கில் வந்தாலும் அன்றைய கொண்டக்டரின் பையில் வராது. டிப்போ முகாமையாளர் நாளைக்கு டீசல் அடிக்கப் பார்ப்பது இன்று கையில் சேர்ந்த காசை.

"முந்தி இதே பஸ் ஓடியதே" என்று கேட்பீர்கள். ஓடியது, ஏனென்றால் முந்தி ஒரே பையிலிருந்து ஓடியது. 1958 ஜனவரி 1 ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசுடைமையாக்கி இலங்கை போக்குவரத்துச் சபையை ஆரம்பித்தார்கள். கொழும்பு றூட்டுகளில் வந்த லாபமும் மலையகத்து நட்டமும் ஒரே கணக்கில் விழுந்தன. ஒன்று மற்றதைத் தாங்கியது. 1978 இல் அதைப் பிராந்திய சபைகளாகப் பிரித்தார்கள். 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. தனியார் வந்தது லாபமுள்ள றூட்டுக்குத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு பஸ்ஸை லீசிங்கில் எடுத்து ஓடுகிறவர் நட்ட றூட்டைத் தேடிப் போகமாட்டார். நட்டத்தைத் தாங்கிய லாபம் அப்படியே வெளியே போனது. பிறகு 1990 களின் தொடக்கத்தில் டிப்போக்களைத் தனித்தனிக் கம்பனிகளாக்கினார்கள், 1997 இல் அவற்றைப் பிராந்தியக் கம்பனிகளாகச் சேர்த்தார்கள், 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தால் திரும்ப ஒரே சபையாக்கினார்கள். பெயர்ப்பலகை எத்தனை தரம் மாறினாலும் 22 கிலோமீற்றர் வெறுமையாக இறங்குகிற பஸ்ஸின் டீசலை யார் கொடுப்பது என்ற கேள்வி மாறவில்லை. சிசுசெரிய, கெமிசெரிய, நிசிசெரிய என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் கிராமத்துக்கும் இரவுக்கும் மானியச் சேவைகள் வந்தது அந்த ஓட்டையை அடைக்கத்தான். என் அபிப்பிராயம், நட்ட றூட்டுக்கு மானியம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு என்று வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால் போதும்.

ஆனால் றூட் நட்டம் என்பதால் மட்டும் இன்று பஸ் வராமல் போகாது. டிப்போவில் விடியற்காலை நடப்பது இது. நேரசூசியின்படி நாற்பது பஸ் வெளியே போகவேண்டும். ஓடக்கூடிய நிலையில் முப்பத்தைந்துதான் நிற்கிறது, அல்லது நாற்பதும் நிற்கிறது, டிரைவர்மார் முப்பத்தாறு பேர்தான் வந்திருக்கிறார்கள். எதை வெட்டுவது? தூர ஓட்டத்தை வெட்டமாட்டார்கள், கொழும்புக்குப் போய்வருகிற பஸ் கொண்டுவரும் காசு பெரிது. ஆஸ்பத்திரி றூட்டை வெட்டினால் பத்து நிமிடத்தில் போன் வரும். கிலோமீற்றருக்கு வரவு குறைந்ததும், வராவிட்டால் யாரும் உரத்துக் கேட்காததும்தான் முதலில் வெட்டுப்படும். நீங்கள் சந்தேகப்படுகிற பாகுபாடு இருக்கிறதா என்றால், இந்தக் கணக்கு மொனராகலைச் சிங்களக் கிராமத்தையும் அதே மாதிரித்தான் வெட்டும். ஆனால் "உரத்துக் கேட்காத" ஊர் எது என்பதில், டிப்போவில் போய்ச் சிங்களத்தில் வாதாட ஆள் இல்லாத தோட்டம் பின்னுக்கு நிற்கிறது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

எனவே முதல் வேலை, பஸ் எந்த நாளில், எந்த ஓட்டத்தில் வராமல் போகிறது என்று இரண்டு கிழமைக்கு எழுதுவது. கடைச்சந்தியில் இருக்கிற ஒருவர் ஒரு கொப்பியில் எழுதினால் போதும்: திகதி, வரவேண்டிய நேரம், வந்த நேரம், பஸ்ஸின் இலக்கம், உட்கார்ந்தவர், நின்றவர், ஏற முடியாமல் விடப்பட்டவர். வராத நாளையும் எழுதவேண்டும், அதுதான் முக்கியம். காலை ஓட்டம் மட்டும் வராமல் மற்றவை வந்தால் அது பெரும்பாலும் ஆள் பிரச்சினை. முதல்நாள் இரவு பிந்தி முடித்த டிரைவரை விடிய நாலரைக்கு எடுக்க முடியாது. நாள் முழுக்க வராவிட்டால் பஸ் பிரச்சினை. பின்னேரக் கடைசி ஓட்டம் மட்டும் விடுபட்டால், வெறுமையாகத் திரும்பிவருகிற செலவையும் ஓவர்டைமையும் டிப்போ மிச்சம் பிடிக்கிறது. பாதிவழியில் திருப்பிக்கொண்டு போனால் ரோட்டையோ, பிந்திப் புறப்பட்டதையோ பார்க்கவேண்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் வராவிட்டால் காரணத்தைச் சொல்லவே தேவையில்லை. பஸ் இலக்கத்தையும் கவனியுங்கள். எப்போதும் ஒரே ஒரு பஸ்தான் வருகிறதா? ஊசிவளைவுகளில் முழுநீள பஸ் ஒரே வெட்டில் திரும்பாது. சில றூட்டுகளுக்குக் குட்டையான பஸ்தான் போகும், டிப்போவில் அப்படி ஒன்றிரண்டுதான் இருக்கும். அதில் ஒன்றுக்கு ஸ்ப்ரிங் தகடு உடைந்து கராஜில் ஏறினால், பதிலுக்கு அனுப்ப வேறு பஸ் கிடையாது. அப்படியானால் காசைப் பற்றி வாதாடிப் பயனில்லை. குட்டை பஸ் இன்னொன்று கேட்கவேண்டும்.

காசை அடிக்கிறார்களா என்ற உங்கள் கேள்விக்கு, ஒரு கொண்டக்டரைப் பற்றி இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் பயணிகள் கையில் இருக்கிற ஒன்றைச் சொல்லவேண்டும். டிக்கெட் 110 ரூபா. "டிக்கெட் வேணாம், எண்பது தாங்க" என்பார், ஏறினவருக்கும் முப்பது ரூபா லாபம். அன்றைக்கு அது இருவருக்கும் நல்ல பேரம். ஆனால் டிப்போவில் ஓட்டத்தின் வரவு கணக்கிடப்படுவது மெஷினில் வந்த டிக்கெட்டை வைத்துத்தான். ஐம்பது பேரில் இருபது பேர் டிக்கெட் எடுக்காவிட்டால், காகிதத்தில் அந்தப் பஸ் முப்பது பேருடன் ஓடியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து எந்த ஓட்டத்தை வெட்டலாம் என்று பார்க்கிறவர் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார். ஊரில் கூட்டம் வைத்து ஒரே ஒரு தீர்மானம் எடுப்பதென்றால், எல்லாரும் டிக்கெட் கேட்டு வாங்குவது என்று எடுங்கள். செக்கர் ஏறுகிற நாளுக்காக அல்ல, ஓட்டத்தின் பெயரில் வரவு ஏறுவதற்காக. சீசன்காரப் பிள்ளைகளையும் கொண்டக்டர் பதிவு செய்கிறாரா என்று பாருங்கள். பதியாவிட்டால் அந்த முப்பது பேரும் கணக்கில் இல்லை.

இரண்டாவது, இதுதான் என் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது: பஸ்ஸை இரவில் ஊரில் நிறுத்த வழி செய்யுங்கள். மேலே போட்ட கணக்கில் பஸ் உங்கள் ஊரில் இரவு தங்கினால் ஐந்து மணி ஏற்றமும் ஆறரை இறக்கமும் தேவையில்லை. 132 கிலோமீற்றர் 88 ஆகிறது. டீசல் 44 லீற்றரிலிருந்து முப்பதுக்குக் கீழே, ஏறத்தாழ 8,800 ரூபா. வரவில் அந்த இரண்டு வெற்று ஓட்டத்தின் எட்டுப் பேர், 560 ரூபா போகும், மிச்சம் 8,960. டீசலுக்குக்கூடக் காணாமல் இருந்த ஓட்டம் டீசலை மட்டுமட்டாகக் கட்டிவிடுகிறது. காலைப் பஸ் வராமல் போகவும் இடமில்லை, அது ஏற்கனவே உங்கள் ஊரில்தான் நிற்கிறது. முன்பு இரவுத் தங்கல் இருந்து நின்றுபோன ஊர்களில் காரணத்தை விசாரித்தால் பல இடத்தில் ஒரே பதில் வரும்: அந்த ஊரில் வீடு இருந்த டிரைவர் பென்சன் போனார் அல்லது மாற்றமாகிப் போனார். அவருக்குத் தங்க இடம் தேவைப்படவில்லை. அடுத்து வந்தவருக்குத் தேவைப்பட்டது, யாரும் கொடுக்கவில்லை. ஆகவே இரண்டு கட்டில், மூடக்கூடிய கதவு, தண்ணீர் வருகிற கழிவறை, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வீடு அல்லது கடை. பஸ் நிற்கச் சமதரையாக, லைட் எரிகிற, டீசல் களவுபோகாத ஓர் இடம். இவற்றை யார் தருவார்கள் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள். சாய்வில் நிறுத்துகிற இடம் என்றால் டிரைவர் சம்மதிக்கமாட்டார். பழைய பஸ்ஸின் ஹேண்ட் பிரேக்கை நம்பி யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. இதிலும் ஒரு குறை உண்டு: காலையில் பஸ் ஸ்டார்ட் ஆகாவிட்டால் மெக்கானிக் 22 கிலோமீற்றர் ஏறி வரவேண்டும். பற்றரி பலவீனமான பஸ்ஸை இரவுத் தங்கலுக்கு அனுப்பக்கூடாது என்று கடிதத்திலேயே எழுதலாம், அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

ரோட்டைப் பற்றிச் சுருக்கமாக. முழுநீள பஸ் பின்னுக்கு எடுக்காமல் திரும்ப இருபது மீற்றருக்கு மேல் அகலம் வேண்டும். ஆள் நிறைந்தால் 15 தொன் அளவு நிறை வரும், தோட்டத்துப் பழைய பாலம் அதைத் தாங்குமா என்று எழுத்தில் வேண்டும். வழியில் எந்தத் துண்டு வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது, எது மாகாணத்தினுடையது, எது பிரதேச சபையினுடையது, எது தோட்டத்தினுடையது என்று பிரித்து எழுதுங்கள். "ரோட் சரியில்லை" என்று டிப்போ சொல்லும்போது எந்த மதகு, யாருடைய மதகு என்று உடனே காட்ட முடிந்தால் பேச்சு அங்கேயே முடியும்.

கடிதத்தை டிப்போ முகாமையாளருக்கு எழுதி, பிரதேச செயலாளருக்கும் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கும் பிரதி வையுங்கள். மாகாணத்துக்குள் ஓடும் றூட்டுக்கு மாகாண அதிகாரசபைதான். மாகாணம் தாண்டினால்தான் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. நூறு கையெழுத்தைவிட நாலு கையெழுத்து பெரிது: பாடசாலை அதிபர், தோட்ட முகாமையாளர், கிராம உத்தியோகத்தர், வைத்தியசாலைப் பொறுப்பாளர். அதிபரின் கடிதத்தில் பஸ் வராத நாட்களில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்று வரவு இடாப்பைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். "எங்களுக்கு நீதி வேண்டும்" என்று மூன்று பக்கம் வேண்டாம். ஒரு பக்கம் போதும்: இந்த இரண்டு ஓட்டத்தை நீக்குங்கள், இரவுத் தங்கலைத் தாருங்கள், தங்குமிடம் இதோ, இரண்டு கிழமைக் கணக்கு இணைப்பில். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், ஒரு விண்ணப்பம் போடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் இந்த றூட்டில் நேரசூசிப்படி இருந்த ஓட்டங்கள், ஓடியவை, ஓடாத ஒவ்வொன்றுக்கும் பதியப்பட்ட காரணம், கிலோமீற்றருக்கு வரவு. தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பம் கிடைத்ததற்குச் சான்று வாங்குங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். வந்த தாளை உங்கள் கொப்பியோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வரவில்லை என்று எழுதிய நாளில் அவர்கள் ஓடியது என்று எழுதியிருந்தால், அது நட்டக் கதையே அல்ல, வேறு கதை.

ஊரார் சேர்ந்து பஸ் வாங்கி ஓடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயணிகள் சேவை அனுமதிப்பத்திரம் இல்லாமல் டிக்கெட் போட்டு ஆள் ஏற்ற முடியாது, அது கேள்விப்பத்திர (டெண்டர்) முறையில்தான் கிடைக்கும். கிடைத்தாலும் மேலே போட்ட அதே கணக்கு உங்களுக்கும்தான், கூட லீசிங் தவணை வேறு. பஸ் வராத காலைக்குப் பிள்ளைகளை மட்டும் ஏற்ற மாதக் கட்டணத்தில் வேன் ஒன்றை ஒழுங்கு செய்வது சாத்தியம். ஆனால் வேன் நிரந்தரமாகிவிட்டால் பஸ்ஸின் காலை ஓட்டத்தில் ஆள் குறையும், அடுத்த வெட்டுக்கு அதுவே காரணமாகும்.

கடைசியாக, கொழும்பிலிருந்து போகிற உங்களுக்கு. தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் புறக்கோட்டையிலிருந்து விசேட பஸ்கள் விடும்போது டிப்போக்களிலிருந்து பஸ்ஸைக் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் ஊர் ஓட்டம் வெட்டுப்படுவது வழக்கம். நீங்கள் ஏறிப்போகிற விசேட பஸ்ஸே உங்கள் ஊருக்கு ஓடவேண்டியதாக இருக்கலாம். எனவே அந்தக் கிழமைகளை மேலே சொன்ன கணக்கில் சேர்க்காதீர்கள், முடிவு பிழைக்கும். சாதாரண நாளில் கொழும்பு–பதுளை 99 ஆம் இலக்க பஸ்ஸில் இரவு ஏறி விடியமுன் இறங்கினால், ஊரில் தங்குகிற பஸ் அப்போது ஊரில்தான் நிற்கும், பகல் ஒன்றே முக்கால்வரை மேலே ஏறாது. இரவுத் தங்கல் கேட்டால் அந்த விடியற்கால இணைப்பை நீங்கள் இழக்கவேண்டி வரும். ஊருக்கு அது லாபம், மாதத்துக்கு ஒரு தரம் போகிற உங்களுக்கு நட்டம். கடிதத்தில் கையெழுத்துப் போடமுன் ஊரிலுள்ளவர்களிடமும் கொழும்பிலுள்ள ஊர்க்காரரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குறித்த நாளில் பஸ் வராவிட்டால் இலங்கை போக்குவரத்துச் சபையின் 1958 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, றூட், நேரம், தரிப்பிடம் மூன்றையும் சொல்லி முறைப்பாட்டைப் பதியுங்கள். எடுத்த நேரத்தையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.